அறுபத்தெட்டாம் கேள்வி

ஜூன் 17, செவ்வாய்

பால் மறுபடியும் பொங்கி வழிந்தது. இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பென்சன் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தேர்வு எழுதிப் பத்து நாள் ஆகிறது. அறக்கட்டளையின் ஐந்து பள்ளிகளுக்கும் சேர்த்து இயற்பியல் ஆசிரியருக்கு இரண்டே இடம். எழுதியவர்கள் இருநூறு பேருக்கு மேல். நாற்பது வயதைத் தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை. எனக்கு நவம்பரில் நாற்பது முடிகிறது. பதினான்கு வருடமாகத் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், பங்காரு சாரின் டுடோரியலில், ஊரார் பிள்ளைகளை டாக்டராக்கிக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் அதே மாடி, அதே வெள்ளைப் பலகை.

ஜூன் 18, புதன்

விடைக்குறிப்பு வரவில்லை. நாற்பது தடவை போனைப் பார்த்திருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டது. தற்காலிக விடைக்குறிப்பு. என் விடைத்தாளின் கார்பன் நகலை வைத்துக்கொண்டு மூன்று முறை சரிபார்த்தேன். தொண்ணூற்றேழு. மூன்று முறையும் தொண்ணூற்றேழு.

ஆனால் அறுபத்தெட்டு! அதற்கு (ஆ) என்று போட்டிருக்கிறார்கள். நான் (இ).

கேள்வியை அப்படியே எழுதி வைக்கிறேன். "போதுமான அளவு பெரிய ஒரு பகுதியில் சீரான மின்புலமும் சீரான காந்தப்புலமும் ஒரே திசையில் செயல்படுகின்றன. அதே திசையில் எலக்ட்ரான் ஒன்று எறியப்படுகிறது. அதன் வேகம்: (அ) கூடும் (ஆ) குறையும் (இ) முதலில் குறைந்து பின்னர் கூடும் (ஈ) மாறாது."

எலக்ட்ரான் போகும் திசையும் காந்தப்புலத்தின் திசையும் ஒன்று. அப்படியானால் காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது, வேடிக்கை பார்க்கும். மிச்சம் மின்புலம். எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், ஆகவே புலம் இந்தப் பக்கம் என்றால் விசை அந்தப் பக்கம். வேகம் குறையும். இதுவரை கைடு சரி. கடையில் விற்கிற எல்லா கைடும் இதோடு கதையை முடித்துவிடுகின்றன. குறைந்து குறைந்து ஒரு கணம் நின்ற பிறகு? விசை எங்கே போனது? அது அங்கேயேதான் இருக்கிறது. எலக்ட்ரான் திரும்பி, வந்த வழியே வேகம் பிடிக்கும். மேலே எறிந்த கல் கீழே வருகிற மாதிரிதான், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

தேர்வு அறையில் நானும் (ஆ) என்றுதான் நிரப்பப் போனேன். "போதுமான அளவு பெரிய" என்ற அந்த மூன்று வார்த்தைதான் கையைப் பிடித்து நிறுத்தியது. கைடுகளில் அந்த மூன்று வார்த்தை கிடையாது.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். ஏப்ரலில் காஞ்சனாவும் நானும் சேர்ந்து படித்தபோது அவள் இதே கணக்கில் நின்றாள். "இது கடைசியில என்னக்கா ஆவும்?" என்று கேட்டாள். "அதெல்லாம் யோசிக்காதே. குறையும்னு இருந்தா அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஜூன் 21, சனி

மதிப்பெண் பட்டியலும் போட்டுவிட்டார்கள். முதலிடம் நூற்றுப் பன்னிரண்டு, யாரோ வாலாஜாக்காரர். இரண்டாமிடம் காஞ்சனா, தொண்ணூற்றெட்டு. மூன்றாமிடம் நான், தொண்ணூற்றேழு.

அவள் போட்டது (ஆ). அறுபத்தெட்டு திருத்தப்பட்டால் எனக்கு ஒன்று ஏறும், அவளுக்கு ஒன்று இறங்கும். மூளை இதை ஒரு நொடியில் போட்டுவிட்டது. மனசுதான் இன்னும் ஏற்கவில்லை.

மத்தியானம் காஞ்சனா லட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் தூக்குப் பாத்திரத்தில். இந்த டுடோரியலில் அவள் சேர்ந்து ஐந்து வருடம். சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்து நாற்காலி. ஒரு லட்டைப் பாதியாக உடைத்து என் வாயிலேயே போட்டாள். "உனக்கு வராம எனக்கு வந்துச்சே, ஒரு மாதிரியா இருக்குதுக்கா" என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

அவளுடைய மாமனாருக்கு மெயின்ரோட்டில் கடை. திருப்பதி பஸ்கள் நிற்கிற இடம். நிரந்தர வேலை கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இந்த ஆடியிலிருந்து கடையில் உட்கார வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். "கல்லாவுல உக்காந்து வாட்டர் பாட்டில் எடுத்துக் குடுக்கவா எம்எஸ்சி படிச்சேன்" என்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

பென்சனிடம் சொன்னேன். ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கிற அரக்கோணம் லோகோ ஷெட்டில் இருபது வருடம் வேலை பார்ப்பவர். எதையும் ஓடுகிறது, ஓடவில்லை என்று இரண்டாகத்தான் பார்ப்பார்.

"உன் விடை சரியா?"

"சரி."

"அப்ப மெயில் போடு. இதுல இன்னா யோசனை?"

"காஞ்சனா?"

"அவளுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குது. உனக்கு இருக்குதா?"

இல்லை. ஆனால் அடுத்த இடம் காலியாகிற வரை அவள் கடையில் உட்கார்ந்திருப்பாள். போன முறை காலியானது பதினோரு வருடத்துக்கு முன்பு.

வீட்டைக் கூட்டினேன். கூட்டிய வீட்டையே திரும்பக் கூட்டினேன்.

ஜூன் 23, திங்கள்

போட்டுவிட்டேன்.

ஆட்சேபணைக்கு வெள்ளி மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நாள் என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. காலை ரயிலில் அரக்கோணம் போனேன். அங்கே கல்லூரி நூலகத்தில் மணவாளன் சார் என்னைப் பார்த்ததும், "மிஸ், நீங்க இன்னும் படிச்சிகினுதான் இருக்கீங்களா?" என்றார். கிண்டல்தான். நான் தேடிய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். இணையான இரு புலங்களில் மின்துகளின் இயக்கம், இரண்டரைப் பக்கம், படத்தோடு. நேராக எறிந்தால் என்ன, சாய்வாக எறிந்தால் என்ன, எல்லாம் இருந்தது. ஸ்கேன் எடுத்து, பதிவு எண் போட்டு, அங்கேயே அனுப்பினேன். மணி பன்னிரண்டு நாற்பது.

செய்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஏன் பிளாட்பாரத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தேன்?

ஜூன் 24, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

மூன்று மணி பேட்ச் போன பிறகு காஞ்சனா நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அறுபத்தெட்டை முழுதாகப் போட்டிருந்தாள். சமன்பாடு, வரைபடம், நிற்கிற நேரம், திரும்புகிற நேரம்.

"இ தான்க்கா கரெக்டு. நீ இ தானே போட்ட?"

"ஆங்."

"கீ தப்பு. நீ ஆட்சேபணை போடப் போறியா?"

குரலில் கோபம் இல்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்து நிற்கிற முகம். நேற்றே போட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லை" என்றேன்.

"ஏன்க்கா?"

"உனக்கு வரட்டும். தப்பா சொல்லிக் குடுத்தவ நான்தானே."

அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்த பேட்ச் மாடி ஏறுகிற சத்தம் கேட்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை எடுக்கவில்லை. அந்த நன்றி எனக்குப் பிடித்திருந்தது. அதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 25, புதன்

சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் எனக்காக வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

பேப்பர் ஓரத்தில் எலக்ட்ரானைச் சாய்வாக எறிந்து வரைந்துகொண்டிருந்தேன். சாய்வாக எறிந்தால் காந்தப்புலம் சும்மா இருக்காது, சுற்ற வைக்கும். சுருள் சுருளாகப் போகும். வட்டத்தின் அளவு மாறாது, சுற்றுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வரும். ஓரிடத்தில் முன்னேற்றம் நின்று, பிறகு பின்பக்கமாக விரிய ஆரம்பிக்கும். சுற்றுவது மட்டும் ஒரு கணமும் நிற்காது.

பங்காரு சார் எட்டிப் பார்த்து, "மிஸ், ஸ்பிரிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கணக்கு வாத்தியார், இதற்கு மேல் கேட்கமாட்டார்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

காஞ்சனா லீவு. போன் எடுக்கவில்லை. மாலை ஐந்து மணியானது. இனி யாரும் எதுவும் அனுப்ப முடியாது. கொஞ்சம் நிம்மதி வந்தது. எதற்கு நிம்மதி என்று எனக்கே புரியவில்லை.

ஜூலை 2, புதன்

காஞ்சனா என்னிடம் இப்போதெல்லாம் அதிகம் சிரிக்கிறாள். கிளாஸுக்குப் போகும் முன் என் கொசுவத்தைச் சரிசெய்துவிடுகிறாள். ஒவ்வொரு நாளும் சொல்வது ஒவ்வொரு நாளும் கஷ்டமாகிறது. இருபத்திநாலாம் தேதி ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இப்போது அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எட்டு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் திருவிருந்து ஞாயிறு. அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனது. பொய்யோடு போய் வாங்கக் கூடாது என்று நான் எழவில்லை. எல்லோரும் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். திடப்படுத்தல் ஆகி முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து நான் ஒருமுறைகூட இப்படி உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்ததும் பென்சன் கேட்டார். "உடம்பு சரியில்லையா?"

"கால் வலி."

கோயில் வாசலில் நின்றுகொண்டு அடுத்த பொய். ஒன்றுக்குக் காவலாக இன்னொன்று.

ஜூலை 9, புதன்

இறுதி விடைக்குறிப்பு வந்தது. 68 — (இ).

எனக்குத் தொண்ணூற்றெட்டு. காஞ்சனாவுக்குத் தொண்ணூற்றேழு. இரண்டாமிடத்தில் என் பதிவு எண்.

பென்சன் ஷெட்டிலிருந்து வரும்போது பிரியாணி வாங்கி வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது காஞ்சனாவின் போன். எடுக்கக் கை வரவில்லை. இரண்டாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"வாழ்த்துக்கள்க்கா."

"காஞ்சனா..."

"ஆட்சேபணை நான்தான்க்கா போட்டேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவு எடுத்தேன்ல, திருத்தணிக்கு வந்து பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நானே எழுதி அனுப்பிச்சேன். மூணு நாளு தூக்கமே இல்ல. நீ எனக்காக விட்டுட்டு உக்காந்துகினு இருக்க, நான் எப்பிடிக்கா அந்த வேலையில போய் நிக்கிறது? நாளைக்கு ஒரு புள்ள எழுந்து இந்தக் கணக்கையே கேட்டா இன்னா சொல்லுவேன்?"

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஏதோ சொன்னேன். பென்சன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 10, வியாழன்

இறுதிக் குறிப்பின் அடியில் ஒரு அட்டவணை. எந்தக் கேள்விக்கு எத்தனை ஆட்சேபணை வந்தது என்று. 68க்கு நேரே: 2.

காஞ்சனா அதைப் பார்த்துவிட்டாள். காலையில் செய்தி அனுப்பியிருக்கிறாள். "இன்னொண்ணு யாருக்கா? வாலாஜாக்காரரா இருக்குமோ? நல்ல மனுஷன்ல, அவருக்கு அது தேவையே இல்ல."

பென்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாறினது உன் மெயிலாலயா அவ மெயிலாலயா, யாருக்குத் தெரியும்? எப்பிடியும் மாறியிருக்கும். வாயை மூடிகினு வேலையில போய்ச் சேரு" என்றார்.

அதுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொள்வது. எப்படியும் மாறியிருக்கும். என் பொய்யால் அவளுக்கு ஒரு மதிப்பெண்கூட நஷ்டம் இல்லை. கணக்கு சரியாக வருகிறது. வந்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஜூலை 12, சனி

காஞ்சனா நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. பங்காரு சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"காஞ்சனா இனி வரமாட்டாங்களாம் மிஸ். மாமனார் போன் பண்ணாரு. வர்ற வேலைய எழுதிப் போட்டுக் கெடுத்துகினவளுக்கு இன்னா டுடோரியல்னு கத்துறாரு. அந்தப் பொண்ணு பெருமையா புருஷன்கிட்ட சொல்லியிருக்குது போல. பாலமுருகன் போய் அப்பன்கிட்ட சொல்லிட்டான்."



அவள் சும்மா இருந்திருந்தால் விடைக்குறிப்பு மாறியது, ஒரு மதிப்பெண் போனது, துரதிர்ஷ்டம் என்று வீட்டில் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார்கள். இப்போது அவளே தன் சோற்றில் மண் போட்டவள். போட வைத்தது யார்?

நேற்று முன்தினம் கணக்கு சரியாக வருகிறது என்று எழுதினேனே. எந்தக் கணக்கு?

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன்.

காலை பதினோரு மணி பஸ். கடை ரோட்டைப் பார்த்தே இருக்கிறது. முன்னால் வாட்டர் பாட்டில் அட்டைப்பெட்டிகள், தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகள், உள்ளே கல்லா. கல்லாவில் காஞ்சனா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மாமனார் சரக்கு எடுக்கத் திருவள்ளூர் போயிருந்தார்.

"ஆர்டர் வந்துடுச்சாக்கா?"

"திங்கள்கிழமை சேரணும்."

"எந்தப் புடவை?"

உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். "அந்த இன்னொரு ஆட்சேபணை வாலாஜாக்காரர் இல்லை. நான்தான்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஒரு பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி பிஸ்கட் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள். பஸ் போன பிறகுதான் கேட்டாள்.

"என்னைக்குப் போட்ட?"

"திங்கள்கிழமை. இருபத்திமூணு."

"நான் உன்னைக் கேட்டது செவ்வாய்க்கிழமை."

"ஆங்."

"அப்ப நான் கேக்கும்போது போட்டு முடிச்சிட்ட."

"ஆங்."

பக்கத்திலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நேராக்கினாள். நேராக இருந்ததையும்.

"போட்டேன்னு சொல்லியிருந்தா நான் இன்னாக்கா பண்ணியிருப்பேன்? ரெண்டு நாளு அழுதிருப்பேன். உன் விடை சரி, நீ போட்ட. இதுல உம்மேல கோவப்பட ஒண்ணுமே இல்லியே."

"தெரியும். பயந்துட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரலை."

"நான் உன்னைப் பார்த்துதான்க்கா அதைப் பண்ணேன்."

அழுதுவிட்டேன். உன் மாமனாரிடம் நானே பேசுகிறேன், நடந்ததை எல்லாம் சொல்கிறேன், உன் மேல் தப்பில்லை என்று சொல்கிறேன் என்றேன். எனக்கே கேட்கச் சகிக்காத மாதிரி உளறினேன்.

அவள் அழவில்லை. "இன்னான்னு சொல்லுவ? 'அவ என்னை நம்பிப் பண்ணிட்டா'ன்னா? வேணாம். இப்ப எங்க வீட்ல நான் திமிரு புடிச்சவ. அதுவே மேல். ஏமாந்தவன்னு வேற தெரிய வேணாம்."

திருத்தணி பஸ் வந்தது. "ஏறிக்கோ, அடுத்தது ஒரு மணிக்குத்தான்" என்றாள்.

ஜூலை 16, புதன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. சொன்னதால் எனக்குத்தான் பாரம் இறங்கியது. அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். அறக்கட்டளையின் திருவள்ளூர் ரோட்டுப் பள்ளி. பிளஸ் டூவில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஆய்வகம் பெரியது, ஜன்னல் நிறைய. தலைமையாசிரியர் என் பெயரைப் பலகையில் எழுதவைத்தார்: கிரேஸ் பென்சன், முதுகலை ஆசிரியர், இயற்பியல். பென்சன் அதைப் போட்டோ எடுத்து ஷெட் முழுக்க அனுப்பிவிட்டார்.

பள்ளிக்குப் போகிற பஸ் கனகம்மாசத்திரம் வழியாகத்தான் போகிறது. அங்கே பத்து நிமிடம் நிற்கும். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். கடை இடது பக்கம்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் வலது பக்கம். நின்றுகொண்டு வந்தாலும் வலது பக்கம். நாற்பது வயதுப் பொம்பளை செய்கிற காரியமா இது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிருந்துக்குப் போனேன். முழங்காலிட்டேன், வாங்கிக்கொண்டேன். இத்தோடு அடங்கிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து காஞ்சனாவுக்கு மூன்று செய்தி எழுதி மூன்றையும் அழித்தேன். நாளாக நாளாக ஆறும் என்கிறார் பென்சன். யாருக்கு ஆறும் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று கனகம்மாசத்திரத்தில் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. பஸ் நின்றது, கால் தானாகப் படி இறங்கியது.

காஞ்சனா கல்லாவில் இருந்தாள். தலையில் பூ, பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் நோட்டு, திருத்திக்கொண்டிருந்தாள். என் முன்னால் மூன்று பேர். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டதை வாங்கிப் போனார்கள். என் முறை வந்தது. சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துவைத்திருந்த ஒன்றும் நினைவில் இல்லை.

"ஒரு வாட்டர் பாட்டில்" என்றேன்.

எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். சில்லறையை என் கையில் படாமல் டப்பா மூடியின் மேல் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கும் அப்படித்தான் வைத்தாள்.

"வேற எதுனா வேணுங்களா மேடம்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும் வரை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன்.